பழைய கார் செட்டில் ஆக்ஸ் இணைப்பு: முதன்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்படும் என் மாமாவின் மாருதி ஆம்னியில், 1990களின் இறுதியில் பொருத்திய ஒரு கேசட் செட் இன்றும் இருக்கிறது. பெல்ட் தளர்ந்து அதன் கேசட் பகுதி நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் ரேடியோ தெளிவாகப் பாடுகிறது, ஆம்ப்ளிஃபையரில் எந்தக் குறையும் இல்லை, ஸ்பீக்கர்களின் காகிதம்கூடக் கிழியவில்லை. மாமா கேட்க விரும்பும் கானாப் பாட்டுகளோ அவருடைய கைப்பேசியில் இருக்கின்றன. அந்தக் கைப்பேசியின் ஒலி செட்டுக்குள் நுழைய ஒரு வாசல் மட்டும்தான் இல்லாமல் இருந்தது. வெளியிலிருந்து ஒலி நுழையும் அந்த வாசலைத்தான் ஆக்ஸ் என்கிறார்கள். அந்த வாசலைத் திறந்து கொடுத்த பிறகு, தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் உறவினர், அக்கம்பக்கத்தார் என்று ஏழெட்டுப் பேரின் வண்டிகளில் இதே வேலையைச் செய்துவிட்டேன். சால்டரிங் அயர்னை இதுவரை கையில் பிடிக்காதவரும் ஒரு விடுமுறை நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. பற்றவைப்பது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எந்த இடத்தில் பற்றவைப்பது என்று கண்டுபிடிப்பதில்தான் நாள் கழியும். ஆகையால் இக்கட்டுரையிலும் அந்தப் பகுதியையே நீட்டி எழுதியிருக்கிறேன்.

செட்டின் உள்ளே ஒலி போகும் பாதை

கேசட்டின் நாடா உரசும் ஹெட்டிலிருந்து வரும் மின்னலை மிகச் சிறியது. ஒரு மில்லிவோல்ட்டை எட்டுவதே அபூர்வம். அதை முதலில் ப்ரீஆம்ப் என்னும் சிறிய ஐசி (மின்சுற்றுச் சில்லு) பெரிதாக்குகிறது. ரேடியோவின் ட்யூனரிலிருந்து வரும் ஒலி ஏற்கெனவே ஓரளவு பெரியதாக இருப்பதால், ப்ரீஆம்ப்பைக் கடந்த இடத்தில் வந்து சேர்ந்துகொள்கிறது. அங்கிருந்து வால்யூம் கன்ட்ரோல், அதன் பின் டோன், பேலன்ஸ், கடைசியாகச் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்கில் திருகியிருக்கும் பெரிய பவர் ஐசி, பிறகு ஸ்பீக்கர்கள் என்பதே பாதை. கைப்பேசியின் ஹெட்ஃபோன் முனையில் கிடைப்பது ஏறக்குறைய அரை வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை. அதாவது ஹெட்டின் அளவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது, பவர் ஐசிக்குப் பின் ஸ்பீக்கருக்குப் போகும் அளவைவிட மிகவும் சிறியது. எனவே அது நுழைய வேண்டிய இடம் ஒன்றுதான்: ப்ரீஆம்ப்புக்குப் பின், வால்யூமுக்கு முன்.

ஹெட்டின் ஒயரிலேயே கைப்பேசியைச் சேர்த்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள், ஏனென்றால் செட்டைத் திறந்ததும் கண்ணில் எளிதாகப் படுவது உலோகப் பின்னல் சுற்றிய அந்த மெல்லிய ஷீல்டு ஒயர்தான். ப்ரீஆம்ப் பெரிதாக்கும் வேலையோடு நிற்பதில்லை. கேசட்டில் பதியும்போது மாற்றியமைத்த ஒலியைச் சமன்படுத்துவதற்காக, கீழ்ச்சுருதி ஒலிகளை மிகவும் தூக்கிவிடுகிறது. ஆகவே அங்கே நுழைக்கும் பாட்டு இரைந்து, கரகரத்து, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கும்.

இதைவிட ஆபத்தானது, ஸ்பீக்கர் ஒயர்களோடு ஆக்ஸ் ஒயரைச் சேர்ப்பது. மாமாவின் வண்டிக்கு முதலில் வேலை பார்த்த ஒரு கடையில் இதைத்தான் செய்திருந்தார்கள். பல கார் செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும், பாட்டு ஒலிக்காதபோதுகூட, பேட்டரியின் பாதியளவான சுமார் 6 வோல்ட் டிசி (ஒரே திசை மின்னழுத்தம்) நின்றுகொண்டிருக்கும். இரு முனைகளிலும் சமமாக இருப்பதால் ஸ்பீக்கருக்கு அதனால் பாதிப்பில்லை. கைப்பேசிக்கோ அது நேரடி அடி. மாமாவின் கைப்பேசியில் ஹெட்ஃபோன் பகுதி அன்றோடு ஊமையாகிவிட்டது. அந்தச் செட்டை நான் எடுத்துச் சென்றபோது மூலக்கொத்தளத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர், மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சத்தம் பெருசா வர்ற எடத்துல கைய வெக்காத. சின்னதா கீற எடத்தத் தேடு." ஒவ்வொரு முறை செட்டின் மூடியைத் திறக்கும்போதும் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

திறக்காமல் முடியுமா என்று முதலில் பாருங்கள்

கேசட் பகுதி நன்றாக ஓடுகிறது என்றால், கேசட் அடாப்டர் ஒன்றை வாங்கிச் செருகிவிட்டால் போதும். கேசட் வடிவில் இருக்கும் அதற்குள் நாடா கிடையாது. ஒரு சிறிய காந்தத் தலை மட்டும் செட்டின் ஹெட்டுக்கு எதிரே நின்று ஒலியைக் கடத்தும். ஆட்டோ ரிவர்ஸ் உள்ள செட்டுகளில் பல்சக்கரம் சுழலவில்லை என்று எண்ணி அதை அடிக்கடி திருப்பவோ வெளியே தள்ளவோ செய்யும் என்பதுதான் குறை.

லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. சென்னையில் 91.1 முதல் 106.4 வரை நிலையங்கள் நெருங்கி நிற்கின்றன. காலியான ஓர் இடத்தைத் தேடி வைத்துக்கொண்டாலும், பாரிமுனை நெரிசலில் பக்கத்து வண்டியின் டிரான்ஸ்மிட்டரும் அதே இடத்தில் பாடும்.

சில செட்டுகளின் பின்புறத்தில் சிடி சேஞ்சருக்கென்று ஒரு சாக்கெட் இருக்கும். அதற்குப் பொருத்தமான ஆக்ஸ் கேபிள் உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைத்தால் பற்றவைக்கும் வேலையே இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையிலோ டேஷ்போர்டு வரை தண்ணீரில் நின்ற வண்டியின் செட் என்றால், மூடியைத் திறந்தவுடன் போர்டின் மேல் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் உழைப்பைப் போடாமல் வேறு செட் பார்ப்பதே நல்லது. எண்ணூர், திருவொற்றியூர்க் கடற்கரையை ஒட்டி நிற்கும் வண்டிகளில் ஐசியின் கால்களில் உப்புக்காற்றின் பச்சைக் களிம்பு லேசாகப் படிந்திருப்பது இயல்பு. அதை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் கொண்டு துடைத்துவிடலாம்.

வாங்க வேண்டியவை

25 வாட் சால்டரிங் அயர்ன், மின்னணு வேலைக்கான மெல்லிய ஈயக்கம்பி, ரோசின் பேஸ்ட், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஆகியவை கருவிகள். பாத்திரத்துக்கு ஈயம் பூசப் பயன்படும் ஆசிட் கலந்த பேஸ்ட்டைப் போர்டின் அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். சில மாதங்களில் செம்புப் பாதையை அது அரித்துவிடும். செட்டுக்குள் சேர்க்க வேண்டியவை இவை: சுவிட்ச் உள்ள ஐந்து கால் 3.5 மி.மீ. ஸ்டீரியோ சாக்கெட் ஒன்று. பாடநூல் மின்தேக்கி என்று சொல்லும், கடையில் கண்டன்சர் என்று கேட்க வேண்டிய 10 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் உருப்படிகள் இரண்டு. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு. இரட்டை ஷீல்டு ஒயர் இரண்டு மீட்டர். சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் கொஞ்சம். கைப்பேசிக்கும் சாக்கெட்டுக்கும் இடையில் இரு முனையிலும் பின் உள்ள ஆயத்தக் கேபிள் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவை அனைத்தும் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைக்கும். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969இல் ராஜாஜி சாலையில் உருவான பர்மா பஜார் நம் பகுதிக்கு இன்னும் அருகில் இருந்தாலும், கண்டன்சர், ரெசிஸ்டர் போன்ற உதிரிகளுக்கு ரிச்சி தெருவே சரி. சாக்கெட்டை வாங்கும்போது பிளாஸ்டிக் உடல் உள்ளதாகக் கேளுங்கள். உலோக உடல் உள்ளது டேஷ்போர்டின் இரும்பைத் தொட்டு எர்த் ஆகிவிட்டால் பின்னால் இரைச்சல் கொடுக்கும்.

செட்டைக் கழற்றுதல்

பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை: திருட்டுத் தடுப்புக் குறியீடு உள்ள செட் என்றால், மின்சாரம் துண்டித்துத் திரும்ப வந்ததும் அந்த எண்ணைக் கேட்கும். வண்டியின் கையேட்டில் அது இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் பேட்டரியைத் தொடாதீர்கள்.

செவ்வக முகப்புள்ள செட்டுகள் பெரும்பாலும் 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் உள்ள ஒரே அளவில் இருக்கும். இரு பக்கமும் சிறு துளைகள் தெரிந்தால், கம்பி வடிவச் சாவியை அவற்றில் செருகி இழுக்க வேண்டும். துளைகள் இல்லாவிட்டால், முகப்புச் சட்டத்துக்குப் பின்னே திருகாணிகள் இருக்கும். அம்பாசடர், பத்மினி போன்ற வண்டிகளின் பழைய செட்டில் இடமும் வலமும் உள்ள குமிழ்களை இழுத்தெடுத்தால், அவற்றின் அடியில் நட்டுகள் தெரியும். பின்புற ஒயர்களைப் பிரிக்கும் முன் கைப்பேசியில் நான்கு கோணத்திலாவது படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறங்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியவர்கள் எல்லோரும் பிறகு வருந்தியிருக்கிறார்கள்.

வேலை முழுவதையும் வீட்டு மேசையில் செய்வது நல்லது. யூபிஎஸ்ஸில் பயன்படும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இதற்குப் போதும். செட்டின் மேல் ஒட்டியுள்ள வரைபடத்தைப் பார்த்து, நிரந்தர மின்சாரத்துக்கான ஒயரையும் சாவி போட்டால் மின்சாரம் வரும் ஒயரையும் சேர்த்து, பியூஸ் வழியாகப் பிளஸ்ஸில் கொடுங்கள். முன்னது பெரும்பாலும் மஞ்சளாகவும் பின்னது சிவப்பாகவும் இருக்கும். கறுப்பு மைனஸுக்குப் போக வேண்டும். பழைய ஸ்பீக்கர் இரண்டை அவற்றுக்குரிய ஒயர்களில் தனித்தனியே இணையுங்கள். ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை எக்காரணம் கொண்டும் செட்டின் உடலோடு சேர்க்காதீர்கள். முன்பு சொன்ன 6 வோல்ட் அங்கேயும் நிற்கிறது. ரேடியோ பாடினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

நுழையும் இடத்தைக் கண்டுபிடித்தல்

வால்யூம் குமிழ் ஓர் எல்லையிலிருந்து மற்றோர் எல்லை வரை திரும்பி நின்றுவிடுகிறதா, முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றுவிடும் வகை என்றால் வேலை எளிது, ஏனென்றால் ஒலி அந்தக் குமிழின் கால்கள் வழியாகவே போகிறது. குமிழுக்கு நேர் பின்னால் போர்டில் இரண்டு வரிசைக் கால்கள் இருக்கும்; ஒரு வரிசை இடது பக்கத்துக்கு, மற்றது வலது பக்கத்துக்கு. வரிசைக்கு மூன்று கால்கள். குறைந்த வால்யூமில் கீழ்ச்சுருதியைத் தூக்கிக் கொடுக்கும் லவுட்னஸ் வசதி உள்ள செட்டில் நான்காவதாக ஒன்றும் இருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மல்டிமீட்டரை 200 கிலோ ஓம் அளவில் வைத்து, கறுப்பு முனையைச் செட்டின் உலோக உடலில் வையுங்கள். சிவப்பு முனையால் ஒவ்வொரு காலையும் தொட்டுக்கொண்டே குமிழை மெல்லத் திருப்புங்கள். எப்படித் திருப்பினாலும் ஏறக்குறைய பூஜ்ஜியத்திலேயே நிற்பது எர்த் கால். குமிழைக் குறைக்கக் குறைக்கப் பூஜ்ஜியத்துக்கு இறங்குவது நடுக்கால். ஒலி அதன் வழியாக வெளியேறுகிறது. எண் பெரிதாக மாறாமல் நிற்கும் ஓரக்கால்தான் ஒலி உள்ளே வரும் கால். நமக்கு வேண்டியது அதுதான். நிரந்தர மார்க்கரால் போர்டிலேயே ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

மீட்டர் சொன்னதைக் காதாலும் உறுதி செய்துகொள்ள வேண்டும். செட்டுக்கு மின்சாரம் கொடுத்து, ரேடியோவை நிலையம் இல்லாத இடத்துக்கு நகர்த்தி, வால்யூமைப் பாதியில் வையுங்கள். சிறிய திருப்புளியின் உலோகப் பகுதியை விரலால் தொட்டுக்கொண்டு, அதன் நுனியை நீங்கள் குறித்த காலில் வையுங்கள். 12 வோல்ட் பேட்டரி என்பதால் கைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நுனி பக்கத்துக் காலில் வழுக்கிவிடாமல் கவனம் வேண்டும். வீட்டு மின்கம்பிகளிலிருந்து உங்கள் உடல் வாங்கும் 50 ஹெர்ட்ஸ் அலை அந்தத் திருப்புளி வழியே உள்ளே போய், ஸ்பீக்கரில் தடித்த "ம்ம்ம்" என்ற ஓசையாக எழும். விரலை எடுத்தால் மங்கும், வைத்தால் எழும், குமிழைத் திருப்பினால் கூடும் குறையும். அந்த ஓசையை முதன்முதலில் கேட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: ஊமை என்று எண்ணிய போர்டு தன் வாசல் எது என்று தானே சொல்லிவிட்டது.

பிறகு பாட்டை வைத்துச் சோதியுங்கள். உதிரியான 3.5 மி.மீ. பின் ஒன்றின் நுனிப்பகுதி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி எர்த். கைப்பேசியோடு வந்த மைக் உள்ள பின்னில் நான்கு பகுதிகள் இருக்கும். இப்போதைய கைப்பேசிகளில் நுனியிலிருந்து மூன்றாவது எர்த், நான்காவது மைக். எர்த்தைச் செட்டின் எர்த்தில் இணைத்து, நுனியிலிருந்து வரும் ஒயரை 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் கண்டன்சரும் தொடராக வைத்து, குறித்த காலில் தொட்டுப் பிடியுங்கள். கைப்பேசியின் ஒலி கால்வாசி அளவில் இருக்கட்டும். ரேடியோவின் சீற்றத்துக்கு மேல் பாட்டு தெளிவாகக் கேட்டு, செட்டின் குமிழுக்கு அது கட்டுப்பட்டால் இடம் சரி. குமிழை நடுவிலிருந்து மேலே ஏற்றியும் பாட்டு அளவு மாறாமல் நின்றால், நீங்கள் நடுக்காலைப் பிடித்திருக்கிறீர்கள். கரகரப்போடும் மிகையான அதிர்வோடும் கேட்டால், ப்ரீஆம்ப்புக்கு முன்னால் போய்விட்டீர்கள்.

குமிழ் முடிவில்லாமல் சுற்றும் செட்டில், அல்லது வால்யூமுக்குப் பொத்தான்கள் உள்ள செட்டில், ஒலி குமிழ் வழியாகப் போவதில்லை. ஓர் ஐசி அதைக் கட்டுப்படுத்துகிறது. போர்டில் உள்ள ஐசிகளின் மேல் எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, டிடிஏ7313, பிடி2313, டிடிஏ7318 போன்ற எண் ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த எண்ணுக்கான தரவுத்தாளில் எந்தக் கால் இடது உள்ளீடு, எந்தக் கால் வலது உள்ளீடு என்று படத்தோடு இருக்கும். 7313இல் மூன்று ஜோடி உள்ளீடுகளும் 7318இல் நான்கு ஜோடி உள்ளீடுகளும் உண்டு. பயன்படுத்தாத ஜோடி ஒன்று சும்மா கிடப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். செட்டின் கட்டுப்பாட்டு ஐசி அந்த ஜோடியைத் தேர்ந்தெடுக்கவே செய்யாது. ரேடியோ நுழையும் ஜோடியைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் இருக்கும் கண்டன்சரின் ட்யூனர் பக்கத்தில்தான் நாம் நுழைய வேண்டும்.

சுவிட்ச் உள்ள சாக்கெட்டை இணைத்தல்

ஒலியை ஒரு காலில் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. கைப்பேசி பாடும்போது ரேடியோ நிற்க வேண்டும். கேபிளை உருவினால் ரேடியோ தானாகத் திரும்ப வேண்டும். இதற்குத்தான் ஐந்து கால் சாக்கெட். பின் செருகாதபோது அதன் இடது காலும் இடது சுவிட்ச் காலும் உள்ளே தொட்டுக்கொண்டிருக்கும், வலதும் அப்படியே. பின் நுழைந்ததும் அந்தத் தொடர்பு விலகிவிடும். எந்தக் கால் எது என்று கடைக்காரரைக் கேட்பதைவிட, மல்டிமீட்டரைப் பீப் ஒலியில் வைத்து, பின்னைச் செருகியும் உருவியும் நீங்களே குறித்துக்கொள்வது நம்பகமானது.

செட்டில் இப்போது ரேடியோவிலிருந்து வால்யூமின் உள்வரும் காலுக்கு ஒரு பாதை இருக்கிறது. அதை ஓரிடத்தில் பிரிக்க வேண்டும். கத்தியால் செம்புப் பாதையைக் கீறுவது கடைசி வழி. பழைய ஒற்றைப் பக்கப் போர்டுகளில் பாதைகள் ஒன்றையொன்று தாண்டுவதற்குச் சிறு ஜம்பர் கம்பிகள் போட்டிருப்பார்கள். வழியில் ரெசிஸ்டரோ கண்டன்சரோகூட இருக்கும். அவற்றில் ஒன்றின் ஒரு காலை மட்டும் சூடு காட்டித் தூக்கிவிட்டால் பாதை பிரிந்துவிடும். பின்னால் வேண்டாம் என்றால் மீண்டும் அமர்த்திவிடலாம். அயர்னை மூன்று நான்கு நொடிகளுக்கு மேல் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். இந்தப் போர்டுகளில் செம்பு வில்லை சூட்டில் உரிந்து கையோடு வந்துவிடும்.

பிரித்த பாதையின் ரேடியோ பக்கத்தைச் சாக்கெட்டின் சுவிட்ச் காலுக்குக் கொண்டு செல்லுங்கள். வால்யூம் பக்கத்தைக் கண்டன்சர் வழியாகச் சாக்கெட்டின் இடது, வலது கால்களுக்குக் கொண்டு வாருங்கள். எர்த் காலைச் செட்டுக்குள் வால்யூமின் எர்த் காலிலேயே சேர்க்க வேண்டும். வண்டியின் இரும்பில் வேறெங்காவது திருகி முடிப்பது தவறு. ஷீல்டு ஒயரின் வெளிப் பின்னலைச் செட்டின் பக்கத்தில் மட்டும் எர்த் செய்து, மறுமுனையில் சாக்கெட்டின் எர்த் காலுக்குத் தனிக் கம்பி கொடுத்தாலும் சரி, பின்னலையே அதற்குப் பயன்படுத்தினாலும் சரி. இந்தச் சிறு தூரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

கண்டன்சரை விட்டுவிடலாமா என்ற கேள்வி வரும். விடக்கூடாது. உள்வரும் பாதையில் சில வோல்ட் டிசி நிற்கும் செட்டுகள் உண்டு. கண்டன்சர் அதைக் கைப்பேசி வரை வரவிடாமல் தடுத்து, பாட்டை மட்டும் கடத்துகிறது. ரேடியோ பாடும்போது அந்தக் காலில் டிசி வோல்ட்டை அளந்து பாருங்கள். இருந்தால் கண்டன்சரின் பிளஸ் கால் போர்டின் பக்கம் இருக்க வேண்டும். அளவைச் சுருக்கி 0.1 மைக்ரோ ஃபாரட் போட்டால், 10 கிலோ ஓம் வால்யூமில் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேய்ந்து, கானாவின் சட்டியும் டோலக்கும் மெலிந்து போகும். 10 மைக்ரோ ஃபாரட்டில் அந்தக் குறை வராது.

மிகப் பழைய செட்டுகளில் ஒற்றைச் சானல்தான் இருக்கும். அதற்காகக் கைப்பேசியின் இடதையும் வலதையும் நேரே முறுக்கிச் சேர்த்துவிடாதீர்கள். ஒன்றின் வெளியீடு மற்றதன் மேல் சுமையாக ஏறும். ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, அவற்றின் மறுமுனைகளைச் சேர்த்து ஒரே கண்டன்சர் வழியாக உள்ளே அனுப்புங்கள்.

பற்றவைத்த ஒவ்வோர் இடத்திலும் ஸ்லீவ் ஏற்றிச் சுருக்கிவிட்டு, ஒயரை உடலோடு ஒரு டையால் கட்டிவிடுங்கள். பள்ளம் நிறைந்த சாலையில் தினமும் குலுங்கும் வண்டி என்பதால், தொங்கும் ஒயர் ஒரே மாதத்தில் அறுந்துவிடும். சாக்கெட்டுக்குச் செட்டின் முகப்பிலேயே இடம் கிடைத்தால் மிகவும் நல்லது. இல்லாவிட்டால் டேஷ்போர்டில் சுவிட்ச் வராமல் மூடி மட்டும் போட்டிருக்கும் வெற்றிடத்தில் துளையிடலாம். ஒயர் ஒரு முழத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் பொருத்திய பிறகு

செட்டை வைத்து, பேட்டரியை இணைத்து, எஞ்சினைக் கிளப்பும் முன் ஒரு முறையும் கிளப்பிய பின் ஒரு முறையும் கேட்டுப் பாருங்கள். எப்போதும் செட்டை ரேடியோவில் வைத்துத்தான் ஆக்ஸைப் பயன்படுத்த வேண்டும்; அப்போதுதான் கேசட் மோட்டார் ஓடாமல் ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும் மின்சாரம் போகும். நிலையம் கிடைக்காத இடத்தில் ஒலியைத் தானே அடக்கிக்கொள்ளும் செட் என்றால், தெளிவாகக் கேட்கும் நிலையம் ஒன்றில் நிறுத்திவிடுங்கள். கைப்பேசியின் ஒலியை முக்கால் அளவில் நிறுத்தி, மற்றதைச் செட்டின் குமிழால் கூட்டிக் குறைப்பதே நல்ல பழக்கம்.

எஞ்சின் ஓடும்போது "ங்ஙீ" என்று ஒரு மெல்லிய ஓசை கேட்டு, ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த அதன் சுருதியும் ஏறினால், அது எஞ்சினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ஓசை. நீங்கள் பற்றவைத்ததில் பெரும்பாலும் பிழை இருக்காது. கைப்பேசி அதே நேரத்தில் லைட்டர் சாக்கெட் சார்ஜரிலும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜரை உருவியதும் ஓசை நின்றால் காரணம் தெளிவு. கைப்பேசிக்கு இப்போது வண்டியின் எர்த்தோடு இரண்டு வழிகள், ஒன்று சார்ஜர் மூலம், மற்றொன்று ஆக்ஸ் மூலம். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு வோல்ட் வேறுபாடே ஓசையாக ஒலிக்கிறது. கிரவுண்டு லூப் ஐசோலேட்டர் என்னும் சிறு பெட்டியை ஆக்ஸ் கேபிளின் நடுவில் சேர்த்தால், அதிலுள்ள மின்மாற்றிகள் பாட்டை மட்டும் கடத்தி எர்த் தொடர்பைத் துண்டித்துவிடும். செலவில்லாத வழி, பயணத்தின்போது பவர் பேங்க்கில் சார்ஜ் செய்வது.

3.5 மி.மீ. துளையே இல்லாத கைப்பேசி உள்ளவர்கள் டைப்-சி அடாப்டர் வாங்கும்போது, டிஏசி (டிஜிட்டல் பாட்டை மின்னலையாக மாற்றும் சில்லு) உள்ளே இருக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். வெறும் ஒயர் மாற்றம் மட்டுமே உள்ள மலிவானவை பல கைப்பேசிகளில் பேசாது. புளூடூத் ரிசீவர் போர்டைச் செட்டுக்குள்ளேயே வைக்க விரும்பினாலும் நுழையும் இடம் இதேதான். ஆனால் அந்தப் போர்டுக்கான 5 வோல்ட்டையும் ஒலியையும் ஒரே எர்த்தில் எடுத்தால் மேற்சொன்ன இரைச்சல் செட்டுக்குள்ளேயே பிறந்துவிடும். அதைத் தவிர்க்க, 5 வோல்ட்டை வாங்கி, எர்த்தைப் பிரித்து, மீண்டும் 5 வோல்ட்டாகக் கொடுக்கும் பி0505எஸ் போன்ற சிறு மாட்யூல் ஒன்றை நடுவில் சேர்க்க வேண்டும். முதல் முறை செய்பவர்கள் கேபிளோடு நிறுத்திக்கொண்டு, அது ஒரு மாதம் சிக்கலின்றி ஓடிய பிறகு புளூடூத்தைப் பற்றி யோசிக்கலாம்.

செட்டின் மேல்மூடியைத் திருகும் முன் ஒரு வேலை இருக்கிறது. எந்தக் காலைத் தூக்கினீர்கள், எந்த நிற ஒயர் எங்கே போகிறது, கண்டன்சரின் பிளஸ் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் ஒரு சிறு தாளில் படமாக வரைந்து, தேதியும் எழுதி, மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். மாமாவின் செட்டை இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அறுந்த ஒயர் ஒன்றைச் சரிசெய்ய மீண்டும் திறந்தபோது, அந்தத் தாள் இருந்ததால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்து, அவர் அன்றைய ஏலத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்.